சும்மா இருக்கும்போது மட்டும்

வேலை கொடுத்தால் ஒரு குறையும் சொல்லாது.
முகிலரசியின் பள்ளிப் பாடம்,
பக்கத்து வீட்டு ரொஹானாவின் வருமான வரி,
கோவில் நிர்வாகத்தின் வரவு செலவு,
எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் முடித்துத் தரும்.
எழுந்து போய்
ஒரு கோப்பி கலக்கி வருவதற்குள்
உறைந்துவிடும்.
மவுஸை இழுத்தால் அம்பு வராது.
விசையைத் தட்டினால் தட்டும் சத்தம் மட்டும்.

முந்நூற்றைம்பது வெள்ளி.
பாடாங் செராயில் மூடிப்போன
இண்டர்நெட் கடையிலிருந்து தூக்கி வந்தது.
பெட்டியின் விலாவில் காம்பஸால் கீறியிருக்கிறது
யாரோ ஒரு திவாகரன் பெயர்.
கடைக்காரன் ஆ செங் நெஞ்சில் கைவைத்துச் சொன்னான்,
"ஒன்பது வருசம், ஒருநாளும் நின்னதில்ல, அக்கா."

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வந்தேன்.
உறைந்த திரையில் கடிகாரமும் உறைந்திருக்கும்,
எப்போது போனது என்று அதுவே சொல்லிவிடும்.
செவ்வாய் 9.47.
புதன் 10.12.
வியாழன் 1.30, நல்ல மழை.
மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை,
இருந்தாலும் எழுதி வைத்தேன்.
தராசு மேடையில் பதினான்கு வருடம்;
எடையை மட்டுமா எழுதுகிறேன்,
லோரி எண், தோட்டத்தின் பெயர்,
குலை பழுத்ததா காயா, எல்லாம்தான்.

ஸ்கிரீன் சேவரை எடுத்தேன்.
வட்டு தூங்கக் கூடாது என்றேன்.
மூடியைக் கழற்றி
ஒன்பது வருடத் தூசியையும் ஒரு பல்லி முட்டையையும் எடுத்தேன்.
மெமரி அட்டையின் பொன் பற்களை
முகிலரசியின் ரப்பரால் தேய்த்தேன்.
சுற்றிலும் செம்பனையாகிவிட்ட ஊரில்
ரப்பரால் ஆன வேலை அது ஒன்றுதான்.
வெள்ளி 11.20.
சனி 8.55.

குணாளன் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட்.
கிளம்பும் முன்
மேசைக் காற்றாடியின் கழுத்தில் நூல் கட்டி
மறுமுனையை மவுஸில் கட்டினார்.
காற்றாடி இடம் திரும்பியது, மவுஸ் வந்தது.
வலம் திரும்பியது, நூல் தொய்ந்தது.
விடிய விடிய
ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால்
யாரோ வேலை செய்தார்கள்.
காலையில் கடிகாரம் சரியான நேரம் காட்டியது.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.
லோரி வராத மதியங்களில்
மேலாளரின் நிழல் கண்ணாடியில் விழும்போது
நானும் இப்படித்தான்
வெறும் திரையில் அம்பை நகர்த்திக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் ஆ செங் பொய் சொல்லவில்லை என்று புரிந்தது.
அந்தக் கடையில் பையன்கள்
காலை பத்து முதல் நள்ளிரவு வரை சுட்டுக்கொண்டே இருந்தார்கள்.
கதவடைத்தால் மின்சாரமும் நிற்கும்.
இது சும்மா இருந்ததே இல்லை.
என் வீட்டுக்கு வந்துதான்
முதல்முறையாகச் சும்மா இருக்கப் பார்த்திருக்கிறது.

ஞாயிறு இரவு
பொத்தானை அழுத்திய கையோடு டெலீட்டைத் தட்டித் தட்டி
நீலப் பக்கத்துக்குள் நுழைந்தேன்.
மூன்றாவது பட்டியலின் அடியில் இருந்தது அந்த வரி:
வேலையில்லாத நேரத்தில்
மூளை எவ்வளவு ஆழம்வரை தூங்கலாம்.
மிக ஆழம் என்றிருந்தது.
அந்த ஆழத்துக்குச் சொட்டுச் சொட்டாய்த் தர
பழைய பவர் சப்ளைக்குத் தெரியவில்லை போலும்.
இறங்கிய இடத்திலிருந்து ஏற வழியில்லை.
ஆழத்தை நிறுத்தினேன். சேமித்தேன். வெளியேறினேன்.

இனிச் சோதிக்க வேண்டும்.
சோதனை என்றால்
ஒன்றும் செய்யாமல் இருப்பது.
துணி மடிக்கலாம் என்று எழுந்தேன்;
நின்றுவிட்டால் பார்க்க வேண்டுமே என்று உட்கார்ந்தேன்.
கை மடியில் கிடந்தது, எதற்கென்று தெரியாமல்.
11.02.
11.03.
ஆலையின் நீராவி ஒருமுறை சீறி அடங்கியது.
11.31.

ஏழேகாலுக்குக் குணாளன் வந்தபோது
நாற்காலியில் தூங்கிப்போயிருந்தேனாம்.
மவுஸ் பக்கம் அவர் கை போனதும்
கண் திறக்காமலே சொன்னேனாம்,
"தொடாதீங்க."
சப்பாத்தைக்கூடக் கழற்றாமல்
அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.
7.16.
காற்றாடி திரும்பிக்கொண்டிருந்தது,
கழுத்தில் நூலோடு,
இழுக்க ஒன்றுமில்லாமல்.