இழுப்பறைக் கணக்கு

மாதம் பிறந்து பத்தாம் நாள்
ஒரு தாள் வரும் எனக்கு,
யார் மேல் எவ்வளவு கதிர் விழுந்தது என்று
பெயர் வாரியாக.
டாக்டர் எத்செவெரி: பூஜ்யம்.
மே மாதமும் பூஜ்யம்.
ஜூனில் அறுபத்திரண்டு இதயங்களின் அடைப்பெடுத்துவிட்டு
மறுபடியும் பூஜ்யம்.

"இந்த மோந்தெவீதேயோவில்
கால் நனையாமல் ஆற்றைக் கடந்த ஒரே ஆள்"
என்றேன்.
நர்ஸ் இவோன் சிரித்தாள்.
டாக்டர் சிரிக்கவில்லை.
மாத்தே குடுவையில் வெந்நீர் ஊற்றியபடி
"உனக்கு வேலை இல்லையா, வில்மார்?"

இருந்தது.
மாத்தே இலை தேடி அவர் இழுப்பறையைத் திறந்தேன்.
பிஸ்கட் தூள்,
ஒரு லாட்டரிச் சீட்டு,
அடியில், காலரில் குத்திக்கொள்ளச் சொல்லி
ஒன்றாம் தேதி நான் கொடுத்த பட்டை.
உறைகூடப் பிரிக்கவில்லை.
கலப்படமில்லாத இருட்டை
மாதம் முழுக்க அளந்திருக்கிறது.

ஏன் என்று கேட்க நான் மடையனா?
எண் ஏறினால் மேசையை விட்டு இறக்கிவிடுவார்கள்.
இருந்த இன்னொருவர் பார்சலோனா போய்விட்டார்.
துராஸ்னோவிலிருந்தும் ரோச்சாவிலிருந்தும்
ஆம்புலன்ஸ் வருவது நிற்கவில்லை.

ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றுவார்கள் என்று கேட்டிருக்கிறேன்.
நாங்கள் அதை ஆறவைத்துத் தோளில் மாட்டிக்கொள்கிறோம்.
எட்டு கிலோ.
நெஞ்சை மூடும், கழுத்தை மூடும்.
முகத்துக்கு ஒன்றுமில்லை.

வெளியாட்களுக்கு இது புரிவதில்லை.
கதிர் நேரே குழாயிலிருந்து வந்து
டாக்டரைச் சுடுவதாக நினைக்கிறார்கள்.
அது படுத்திருப்பவன் நெஞ்சில் மோதி
அங்கிருந்துதான் நாலா பக்கமும் தெறிக்கிறது.
அந்த மேசையில்
நோயாளிதான் விளக்கு.
ஆள் பருத்திருந்தால் வெளிச்சமும் அதிகம்.

ஆகஸ்ட், செவ்வாய், பின்னிரவு.
விளக்கு அன்றைக்கு ஒல்மெதோ,
கசாப்புக் கடைக்காரன், நூற்றுப் பதினெட்டு கிலோ.
கம்பியின் நுனி ரத்தக் குழாயின் வளைவில் நிற்கிறது.
"திரையைத் துடை" என்றார்.
துடைத்தேன்.
"சரியாகத் துடை."
என் சட்டைக் கையாலேயே துடைத்தேன்.
"டிவி ரிப்பேரா?" என்று ஒல்மெதோ கேட்டான்,
மயக்கம் கொடுக்காத வாயால்.

டாக்டர் ஒரு கண்ணை மூடினார்.
திறந்தார்.
மற்றதை மூடினார்.
"இடது," என்றார், யாரிடமும் இல்லாமல்.
கம்பி நகர்ந்தது.
ஒல்மெதோ ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனான்.

கூரையிலிருந்து தொங்கும் ஈயக் கண்ணாடி எங்களிடமும் உண்டு.
சுவரோரம் தள்ளி
போன கிறிஸ்துமஸ் ஜிகினாவைச் சுற்றியிருந்தோம்.
ஜிகினாவைப் பிய்த்தேன்.
அவர் முகத்துக்கும் விளக்குக்கும் நடுவே இறக்கினேன்.
கேட்காமலே
நொடிக்குப் பதினைந்து படத்தை ஏழரை ஆக்கினேன்.
"படம் விக்குகிறது."
"விக்கட்டும்."
"இந்தக் கண்ணாடி கையை இடிக்கிறது."
"இடிக்கட்டும். மிதியிலிருந்து காலை எடுங்கள், பார்க்காத நேரத்தில் ஏன் மிதிக்கிறீர்கள்?"
இருபது வருஷத்தில் நான் அவரிடம் பேசிய
மிக நீளமான வாக்கியம்.

செப்டம்பர் முழுக்கப் பட்டை காலரில் இருந்தது.
தினமும் காலையில்
இவோன்தான் குத்திவிட்டாள்,
பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் குத்துவதுபோல.

தாள் வந்தது.
எத்செவெரி: ஒன்று புள்ளி ஏழு.
முதல்முறையாக அவருக்கும் ஓர் எண்.
என் தோளுக்குப் பின்னால் நின்று
வலது கண்ணால் படித்தார்.
கண் அறுவைக்கு நவம்பரில் நாள் குறித்திருக்கிறது.

"பாஸா?"

கண்ணுக்கு வருஷத்துக்கு இருபது.
பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தேன்.
"ஒரு மயிரிழையில் ஃபெயில்."

அவர் கை கழுவப் போனார்.
துராஸ்னோ வண்டி வாசலில் நின்றது.
நான் கண்ணாடியை
இன்னும் இரண்டு விரல்கடை
கீழே இறக்கினேன்.