அனாமத்து

உனக்கு என்ன தெரியும் என்றார் தராமு எஸ்தெல்லா.
டேலி தெரியும் என்றேன்.
கூட்டுறவு வங்கியில் பதினோரு வருஷம்,
ஒரு பைசா உதைக்காமல் ஐந்தொகை போடத் தெரியும்.
தலையாட்டிவிட்டு
ஒரு பேன்சீப்பைக் கையில் கொடுத்தார்.

மோல்மீனிலிருந்து லாரியின் பின்புறம் ஒன்றரை மணி நேரம்.
ரப்பர் தோட்டம் முடிகிற இடத்தில் இல்லம்.
இருபத்து மூன்று பெண்பிள்ளைகள். இருபத்து மூன்று தலை.
மெஞ்ஞானபுரத்தில் சபையார் முழங்காலில் நின்று
கண்ணீரோடு என்னை அனுப்பி வைத்தது
இதற்குத்தான் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

மடியில் வைத்த தலை அப்படியே தூங்கிப்போகும்.
கன்னத்துத் தனக்கா என் சுடிதாரில் அப்பும்.
நகத்தில் நசுக்கும்போது ஒரு சின்னச் சத்தம்,
அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

எப்போது போவாய்?
முதல் நாளே கேட்டார்கள்.
வெடுக்கென்று இல்லை, பஸ் நேரம் விசாரிப்பதுபோல.
சாமான் அறையில், முன்னால் வந்துபோனவர்கள் விட்டது:
மூன்று தந்தி கிட்டார்,
கொரிய மொழியில் ஒரு பைபிள்,
இந்த வெக்கைக்கு
யாரோ பாதி பின்னிய கம்பளித் தொப்பி.

மழை பிடித்துக்கொண்ட மூன்றாம் வாரம்
பதிவேடு என்னிடம் வந்தது.
பெயர். வயது. தகப்பன். தாய்.
நான்காவது கட்டம் நெடுக ஒரே கையெழுத்து:
இல்லை இல்லை இல்லை இல்லை.
மேற்படி என்று இரண்டு புள்ளி வைத்திருந்தால்
மையாவது மிச்சமாகியிருக்கும்.

அதைப் பார்த்துத்தான் கடிதம் எழுத வேண்டும்,
நார்வேக்கும் பெர்த்துக்கும்.
அன்புள்ள ஐயா, உங்களைத் தவிர எனக்கு யாருமில்லை.
எட்டு எழுதினேன்.
கை வலித்தது என்றால் பொய்.

புதன்கிழமை வாசல் கம்பியைப் பிடித்தபடி ஒருத்தி.
முழங்கால் வரை சேறு.
பாலித்தீன் பையில், மூங்கில் குழாயில் வெந்த சோறு.
என் மடியிலிருந்த ஒன்பது வயது நோ ஏ பா
பாதி வகிடோடு எழுந்து ஓடினாள்.
மோ, என்றாள்.
ஊர்ப் பெயரைச் சொல்ல வந்து
மிச்சத்தை விழுங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.
மோ, என்றாள் மறுபடியும்.
அந்தச் சொல் அங்கேயே முடிந்தது.

அவள் படியில் உட்கார்ந்து, கை நீட்டி
சீப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.
மீதித் தலையை முடிக்க
எனக்கு ஆகும் நேரத்தில் கால்வாசி.
பிறகு ஒரு மூங்கில் குழாயை என் பக்கம் தள்ளி
தப்லூ, என்றாள்.
நன்றி. எதற்கு என்று கேட்க
எனக்கு அவள் பாஷை வராது.

ராத்திரி லாந்தரைத் தாழ்த்திவிட்டு தராமு சொன்னார்:
அவர்கள் ஊரில் பள்ளிக்கூடம் எரிந்தது.
தாய் இருக்கிறாள் என்று எழுதினால்
அரிசி வராது.
நாளைக்கு எத்தனை படி வேகிறது என்று
கணக்குக்காரிக்குத் தெரியுமா?
தெரியும். நான்தான் அளந்து போடுகிறேன்.
வேதாகமத்தை எடுத்து வசனம் தேடினேன்.
அவர் பக்கத்துக்கும் கிடைத்தது,
என் பக்கத்துக்கும் கிடைத்தது.
மூடி வைத்தேன்.

வங்கியில் ஒரு தலைப்பு உண்டு.
பணம் வந்திருக்கும், யாருடையது என்று
சீட்டில் இருக்காது.
இல்லை என்று எழுத முடியாது, பணம் இருக்கிறதே.
ஒரு நாள் ஆள் வருவார் என்று
தனியே ஏற்றி வைப்போம்.

ஏ பாவின் நான்காவது கட்டத்தில், இல்லைக்கு மேலே,
பென்சிலால் எழுதினேன்: அனாமத்து.
தமிழில். அங்கே யாருக்கும் வாசிக்க வராது.
ரப்பர் வைத்தால் போய்விடும்.
ஒன்பதாவது கடிதம்
அன்புள்ள ஐயா என்பதோடு நிற்கிறது.

காலையில் ஏ பா வந்து மடியில் தலை சாய்த்தாள்.
வகிடு இன்னும் நேராக இருந்தது.
ஒன்றுகூட இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.
இருந்தும் எழுந்திருக்கவில்லை அவள்.
எப்போது போவாய் என்று கேட்டாள்.