இரண்டாம் பாகம்

முதல் பாகத்தில் கல்தரை.
ஒவ்வோர் அடியும் காட்டிக்கொடுக்கும்.
சேலம் குகையில் பிரவுசிங் சென்டர், மணிக்குப் பதினைந்து ரூபாய்.
நடக்கும் விசை என் விரலுக்கு,
குனியும் விசை சர்புதீனுக்கு.
காவலன் தும்மினால்
இருவரும் மூச்சை நிறுத்துவோம்.

இரண்டாம் பாகத்தில் எல்லாம் கூடுதல்.
மாளிகைக்கு நாலு வாசல்,
எதிரி திரும்புமுன் சிவப்புக் கோடு,
எங்கும் கம்பளம்.
பிடிபட்டாலும் அரை நிமிடத்தில் மறந்துவிடுகிறார்கள்.
நல்ல ஆட்டம்தான், குறை சொல்ல மாட்டேன்.

ஏற்காடு லாட்ஜில் இரவு வேலை.
பதினேழாம் கட்டத்தில் கரண்ட் போனது.
மூடுபனி கண்ணாடியை ஒட்டி நின்றது.
வெளியே வாட்ச்மேனின் தடி,
சரளையில் ஓர் அடி, இன்னோர் அடி.

‘நான்தாண்ணே’ என்று குரல் கொடுத்திருக்கலாம்.
கொடுக்கவில்லை.
மேசைக்கடியில் குனிந்தேன்,
குனியும் விசையை யாரும் அழுத்தாமலே.