உடுப்புக் கொடி

கரண்ட் போனதும் ஒழுங்கை முழுக்க ஒரே ஏச்சு.
எனக்கு அது மணியடித்த மாதிரி.
இஞ்ஞாசியர் கடை ஐஸ்பெட்டி ஓய்ந்தது,
எதிர்வீட்டுத் தண்ணி மோட்டர் ஓய்ந்தது,
டைக் வீதி ரியூப் லைற்றுகளின் முணுமுணுப்பும் ஓய,
ஊரின் இரைச்சல் ஒரு முழம் இறங்கும்.
அந்த ஒரு முழத்துக்குள்தான்
பெரு நாட்டு மலையூர் ஒன்று
விடிய முன்னம் எனக்கு
மாலை வணக்கம் சொல்லும்.

வேம்பில் ஒரு நுனி, தண்ணித் தொட்டியில் மறு நுனி.
பதினெட்டு யார் செப்புக் கம்பி.
கேட்பவர்களுக்கு அது உடுப்புக் கொடி.
சாட்சிக்கு ஒரு ஈரச் சாரம் எப்போதும் தொங்கும்.
வீட்டில் சாரம் கட்டுகிற ஆள் இல்லை;
அதை ஒருவரும் கேட்கவில்லை.
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று இடைக்கிடை வந்து
நிலத்துக்கு இறக்கிய கம்பியை நக்கிவிட்டுப் போகும்.
அன்றைக்கு மட்டும் மடகாஸ்கர் தெளிவு.
இதை நான் அறிக்கையில் எழுதுவதில்லை.

நிலாவெளிக்கு அப்பால் கோபுரங்கள் நிற்கின்றன.
வேறொரு தேசத்தின் செய்தி
எங்கள் உப்புக் காற்றிலிருந்து புறப்பட்டு
கடல் கடந்து போகும்.
என் பெட்டியில் எங்கே திருகினாலும் அதுதான் நிற்கும்,
கலியாண வீட்டில் மைக் பிடித்த மாமா மாதிரி.
அவரைத் தாண்டி
கடைசி வரிசையில் யார் இருமினார்கள் என்று
கேட்பதுதான் என் வேலை.

கேட்டதற்குக் கணக்கு உண்டு.
பலம், இடையூறு, இரைச்சல், மங்கல், மொத்தம்.
ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி.
ரைப்பிங் கிளாஸ் மெசினில் அடிப்பேன்:
‘ஐயா, உலக நேரம் 2340க்கு ஒரு பெண் சிரித்தார்.
2343ல் புல்லாங்குழல்.
2346ல் ஒரு சேவல்,
உங்களுடையதா எங்களுடையதா தெரியவில்லை.
இது உங்கள் நிலையந்தான் என்றால்
தயவுசெய்து உறுதிப்படுத்தவும்.
செ. யோகரஞ்சிதம், திருகோணமலை.’

தபாற்கந்தோரில் பூலோகரத்தினம் மிஸ்
பதில் கூப்பனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
‘அவையள் கேட்டவையோ உம்மட்டை?’
இல்லை.
‘பேந்தேன்?’
ஒன்பது மாதம் கழித்து வந்தது,
ஓரம் வெட்டித் திரும்ப ஒட்டிய உறை.
அட்டையில் ஒரு லாமா, ஒரு ஒப்பம், ஒரு வரி:
மெய்தான், அது நாங்கள்.

சுற்றிவளைப்பு நடந்த காலை
கொப்பியைக் கண்டெடுத்தது
சட்டையில் ஹேமசிறி என்று பெயர் குத்திய பையன்.
24322. 33433. 15211.
பக்கம் பக்கமாக இலக்கம்.
‘மே மொனவத?’
என் சிங்களத்தில் காற்று இருந்தது, தூரம் இருந்தது,
பாட்டு இருந்தது.
மங்கல் இருக்கவில்லை.
பிஸ்கட் ரின்னைக் கவிழ்த்து அட்டைகளைப் பரப்பினேன்.
முப்பத்தொரு நாட்டில் முகம் தெரியாத ஆட்கள்
இவர் கேட்டது உண்மை என்று ஒப்பம் வைத்திருந்தார்கள்.
என் அடையாள அட்டையில்கூட
இவ்வளவு நிச்சயமாக ஒருவரும் எழுதியதில்லை.
அவன் லாமாவைப் பார்த்தான்.
கனநேரம் பார்த்தான்.
பிறகு கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
அட்டைகளை விட்டுவிட்டுப் போனான்.
போகும்போது கொடியில் தலை படாமல் குனிந்தான்,
ஈரச் சாரத்தை ஒரு விரலால் ஒதுக்கி.

கேட்டதன் கணக்கு அவர்களிடம்.
கேட்டேன் என்ற சாட்சி என்னிடம்.

புதுக் கொப்பியின் முதல் பக்கம், நேற்று.
அறுபது மீட்டரில் ஆரென்று தெரியாத ஒரு குரல்.
சளி பிடித்த தொண்டை.
ஏதோ பட்டியல் வாசித்தது.
மீன் விலையோ, அலை உயரமோ,
ஆட்களின் பெயர்களோ.
நடுவில் ஒருதரம் நிறுத்தித் தண்ணீர் குடித்தது;
விழுங்கிய சத்தம்கூட வந்து சேர்ந்தது.
பிறகு மணி.
இனி நிலையத்தின் பெயர் சொல்லவேண்டும்.
பென்சிலை ஊன்றினேன்.

கரண்ட் வந்தது.
ஒழுங்கை முழுக்க ஓவென்று சந்தோசம்,
ஐஸ்பெட்டி, மோட்டர், ரியூப் லைற்.

எழுதினேன்:
2251. ஆண் குரல். பெயர் கிடைக்கவில்லை.
பலம் ஒன்று.
இடையூறு: வெளிச்சம்.