எட்டும் எட்டும்

காலை ஆறு மணிக்கு ஓட்டல் சாவிகளை ஒப்படைத்துவிட்டு
சீருடை மாற்றாமலே வந்திருந்தேன்.
பாலத்தின் பிரேசில் பக்கம் எடில்சன் நின்றான்,
சீஸ் ரொட்டி இரண்டைக் காகிதத்தில் சுற்றி
ஜாக்கெட்டுக்குள் சூடாக வைத்துக்கொண்டு.

ஆளுக்கொரு கிராபிக்ஸ் கார்டு எங்களிடம்.
ஒரே மாடல், ஒரே சிவப்பு.
என்னுடையது பதினோரு தவணை.
அவனுடையது, அண்ணன் விற்ற பைக்.
இரண்டையும் ஒரே பெட்டிக்குள் ஓடவைக்கும் மதர்போர்டு
நதிக்கு அந்தப்புறம் பராகுவேயில் பாதி விலை.

மூன்று வாரம் சிப்செட் படித்தோம்.
780ஐ: பச்சைக் கம்பெனிக்கு மட்டும் கதவு திறப்பது.
அடித்தாயிற்று.
எக்ஸ் 48: பதினாறும் பதினாறும்.
விலைக்கு எதிரே எடில்சன் ஒரு சவப்பெட்டி வரைந்திருந்தான்.
பி 35: மலிவு. படத்தில் நீளமாக இரண்டு ஸ்லாட்.
"இரண்டு இருக்கிறதே, வேறென்ன வேண்டும்"
என்று சொன்னது நான்தான்.

கீழே பரானா, செம்மண் கரைத்த நீர்.
மேலே போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை.
லாரியும் வேனும் மோட்டார் டாக்சியும்
ஒன்றன் முதுகில் ஒன்று உறுமிக்கொண்டு.
நாங்கள் நடந்தோம்.
தலையைவிடப் பெரிய மூட்டைகள் எதிரே வந்தன.

மூன்றாம் மாடிக் கடை.
லிஸ் மபேல் தெரெரேயை உறிஞ்சியபடி
பி 35 போர்டை எடுத்தாள்,
தோசையைப்போல் திருப்பிப் போட்டாள்.
"முதல் ஸ்லாட்டின் முதுகைப் பார்."
கோடி முதல் கோடி வரை ஈயப் புள்ளிகள்.
"இரண்டாவது?"
கால்வாசியில் நின்றுவிட்டன.
மீதி இடம் வழவழவென்று, ஒன்றுமில்லாமல்.

"நீளம் பிளாஸ்டிக்கில் இருக்கு. பாதை செம்பில்.
முதல் கார்டுக்குப் பதினாறு, நேராக வடபாலத்திலிருந்து.
ரெண்டாவதுக்கு நாலு. அதுவும் தென்பாலத்தைச் சுற்றி,
ஹார்ட் டிஸ்க், யூஎஸ்பி எல்லாரோடும் வரிசையில் நின்னு."
இலை முழு நீளம் விரித்து
ஒரு கரண்டிச் சோறு.

"ஓடும்தானே?"
"ஓடும். ரெண்டும் மாறி மாறிப் படம் வரையும்.
ஒண்ணு தாமதிச்சா மத்ததும் காத்திருக்கும்.
திரை விக்கும்."

"நாலு போதும்" என்றான் எடில்சன்.
"என் கார்டை ரெண்டாவதில் போடுவோம்."

யார் கார்டு எதில் என்று
அவனை யாரும் கேட்கவில்லை.

என் அறை, என் மானிட்டர், என் நாற்காலி.
இரண்டு வருடமாகக் கட்டில் விளிம்பில் அவன்.
ஆட்டத்தில் நான் செத்தால்தான்
மவுஸ் அவன் கைக்கு வரும்.
நான் லேசில் சாகிறவள் இல்லை.

லிஸ் மபேல் குனிந்து வேறொரு பெட்டி எடுத்தாள்.
பி 45. எட்டும் எட்டும்.
இரண்டுமே வடபாலத்திலிருந்து.
"பதினாறைவிடக் குறையுமா?"
"குறையும். ரெண்டுக்கும் குறையும்."
முப்பத்தெட்டு டாலர் கூட.
நீல விளக்கும் கண்ணாடிப் பக்கமும் வைத்த கேபினட்டுக்காக
நான் ஒதுக்கியிருந்தது, சரியாக நாற்பது.

எடில்சன் படியிறங்கிய பிறகு
அவள் இன்னொன்றும் சொன்னாள் என்னிடம்.

திரும்பும்போது சுங்கக்காரர் பையைத் திறந்தார்.
"யாருடையது இது?"
நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.
ஒரு கணம் இருவருமே பேசவில்லை.
விக்கல்.
பின்னால் ஒருவன் லாரி டயரை உருட்டிக்கொண்டு வந்தான்;
அதிகாரி எங்களை விட்டுவிட்டு அங்கே ஓடினார்.
ஆறிப்போன ரொட்டியைப் பாலத்தின் நடுவில் நின்று தின்றோம்.

கேபினட் இல்லை.
மதர்போர்டு தான் வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே
மல்லாந்து கிடக்கிறது,
பவர் சப்ளை பக்கத்தில் ஒரு செங்கல்போல.
"உன்னுடையது மேலே" என்றான் எடில்சன்,
வழக்கம்போல.
சரி என்றேன்.

மேலே இருக்கும் கார்டுதான்
கீழே இருப்பதன் சூட்டையும் சேர்த்து வாங்கும்
என்று லிஸ் மபேல் சொல்லியிருந்தாள்.

நேற்று விரலால் தொட்டுப் பார்த்தேன்.
சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.