உறை

பாயான் லெப்பாஸ், காலை ஆறு நாற்பது.
உடை மாற்றும் அறையில் ஆளுக்கொரு நீலத் தலையுறை.
எனக்கு இரண்டு.
பெட்டியை நீட்டும் பிலிப்பினோக்காரி ஒன்றும் கேட்பதில்லை.
பதினோரு வருடமாக
இந்த ஒரு வாசலில்தான்
என் முடிக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

எண்பத்தாறில் கட்டொழுங்கு ஆசிரியர்
சபைகூடலில் நிறுத்தி
இடது பக்கம் மட்டும் வெட்டிவிட்டார்.
வலது பக்கத்தை நானே வெட்டிக்கொண்டு வரவேண்டும்,
அதுதான் தண்டனை.
வெட்டவில்லை.
இன்றைக்கும் இடது பக்கம் ஒரு விரற்கடை குறைவு
என்பது என் எண்ணம்.

ஃபெரியில் ஒரு பையன்,
"அக்கா, கொஞ்சம் தள்ளுங்க."
திரும்பினேன். "சாரி அண்ணே."
இரண்டு பேருக்காகவும் தள்ளி நின்றேன்.

தைப்பூசம் நெருங்கினால் மட்டும் மரியாதை.
தண்ணீர்மலை அடிவாரத்தில் கைகூப்புகிறார்கள்:
"நேர்த்திக்கடனா? எந்தச் சாமிக்கு?"
கடன் என்றால் வழிவிடுவார்கள்,
ஆசை என்றால் மறித்து நிற்பார்கள்.
யாருக்கும் கடன்படவில்லை என்று
ஒரு வருடம் சொல்லிப் பார்த்தேன்;
நீட்டிய மோர்க் கோப்பை
பாதி வழியில் திரும்பிப் போனது.

ஏன் என்று எனக்கும் தெரியாது.
வளர்கிறது. நான் குறுக்கே போகவில்லை.

புஷ்பலீலா நாற்பதில்
கழுத்தோடு வெட்டிக்கொண்டாள், புழுக்கம் என்று.
இரண்டு பக்கச் சொந்தமும்
எங்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு
சோற்றைப் பிசைந்தார்கள்.
குளியலறை வடிகால் அடைத்தால்
எங்கள் வீட்டில் விசாரணை கிடையாது.
குச்சியால் சுருட்டி எடுத்து
என் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள்.

அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
எதையும் தூக்கலாம், விலைதான் பேசவேண்டும் என்பார்.
எண்பத்தொன்பதில் ஐம்பது வெள்ளி.
கல்யாணத்துக்கு முந்தின வாரம் இருநூறு.
பேத்திக்குக் காது குத்தியபோது ஐந்நூறு,
"போட்டோவுக்காகவாவது."
ஓய்வு பெற்ற பிறகு பேச்சை விட்டார்.
கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு,
செத்துப்போனார்.
ஐசி தேடி அலமாரியைக் கிளறிய தம்பி
ஒரு பழுப்பு உறையோடு வந்தான்.
மேலே அப்பாவின் கோணல் எழுத்து:
பெரியவன் முடிக்கு.
உள்ளே ஆயிரத்து நூறு.
பத்து வெள்ளியும் ஐந்து வெள்ளியுமாக,
பல வருடத்துத் தாள்கள்,
பல வருடத்து மடிப்புகள்.

பத்து லஞ்சாங்கில் நாவிதர்
நாற்காலியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.
"அப்பனே காசு வச்சிட்டுப் போயிருக்கான்,
இன்னும் என்னடா?" என்றார் சிற்றப்பா.
அத்தனை பேரும் என் தலையைப் பார்த்தார்கள்.
பெட்டிக்குள் இருந்தவரைப் பார்க்க
அந்த நேரத்தில் ஆளில்லை.
முகுந்தன் சட்டையைக் கழற்றிவிட்டு
நாற்காலியில் உட்கார்ந்தான்.
"என் தலை போதும்," என்றான்,
தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்து.

குடம் என் தோளில்தான்.
குளித்த ஈரத்தில் முடியை முடியவில்லை.
முதல் சுற்றுக்கு ஒரு துளை,
இரண்டாம் சுற்றுக்கு இன்னொன்று.
கத்தியோடு பின்னால் வந்தவர்
மூன்றாவது துளையைப் போட்டாரா, இல்லையா,
எனக்குத் தெரியவில்லை.
முதுகு முழுக்கத் தண்ணீர்.
எது குடம், எது நான்
என்று பார்க்கத் திரும்பக்கூடாதாம்.

உறை என் இழுப்பறையில் இருக்கிறது.
செலவழித்தால் பேரம் படிந்ததாகிவிடும்,
கோயில் உண்டியலில் போட்டால்
நேர்த்திக்கடன் ஆகிவிடும்.
முன்நெற்றி வருடா வருடம் ஏறுகிறது.
பின்னல் எலிவால் ஆகிவிட்டது.
வெட்டாமலே ஒரு நாள் தீர்ந்துபோனால்
அந்தப் பணம் யாரைச் சேரும் என்று கேட்டேன்.

கோழியைத் துண்டு போட்டுக்கொண்டே
"வடிகாலுக்கு," என்றாள் புஷ்பலீலா.