பதினோராம் வளைவு

கோரிமேடு தாண்டியதும் கண்டக்டர் வந்து நின்றார்.
மடியில இருக்கிற பெட்டிக்கு லக்கேஜ் போடணும், உள்ளே என்ன?
மேலேருந்து விழுறதை எண்ணுற கருவி, என்றேன்.
மழையா?
மழை மாதிரி. நனைக்காது.
ஒரு டிக்கெட் கிழித்துத் தந்தார்.
சந்தேகத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை.

பெட்டிக்குள் இரண்டு பிளாஸ்டிக் பலகைகள்,
ஒன்றின் மேல் ஒன்று, கறுப்பு டேப்பில் பொதிந்து.
இரண்டையும் ஒருசேரத் தொட்டுப் போனால்தான்
கணக்கில் ஒன்று கூடும்.
மியூவான்:
எலக்ட்ரானைப் போலவே, இருநூறு மடங்கு பாரம்.
ஒரு நொடியைப் பத்து லட்சமாய் நறுக்கினால்
அதில் இரண்டு துண்டும் ஒரு கொசுறும் அதன் ஆயுள்.

அந்த ஆயுளில்
ஒளியோடு ஒளியாய் ஓடினாலும்
அறுநூற்று அறுபது மீட்டர்தான்.
ஏற்காட்டில் பிறந்தால்
அடிவாரம் பார்க்காமல் சாக வேண்டும்.
பிறப்பதோ பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில்.
ஆனாலும் வந்துவிடுகிறது,
பழைய பஸ் ஸ்டாண்டுப் பூக்கடையின் தார்ப்பாயைத் துளைத்து,
கதம்பம் தொடுக்கும் விரல்களைத் துளைத்து,
மண்ணுக்குள்.
ஓடுகிறவரின் கடிகாரம் மெதுவாக நடக்கிறது,
அவ்வளவுதான் விஷயம்.
அவ்வளவுதான் என்று சொல்ல
எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

இதை வளையத்தில் ஓடவிட்டு
எதிரெதிரே மோதவைக்கலாம் என்று
எங்கெங்கோ சிலர் வரைந்துகொண்டிருக்கிறார்கள்.
பிடி. அடக்கு. முடுக்கு.
சாவதற்குள்.
முடுக்க முடுக்க ஆயுள் நீளும்,
முதல் தள்ளல்தான் பெரும்பாடு.
இன்னும் கட்டாத அந்த வளையத்தில்
ஒரு காந்தத்தின் ஓரத்தில்
புலம் எப்படி வளையும் என்பது மட்டும் என் ஆய்வேடு.

பத்தாவது வளைவு வரை நல்ல பிள்ளையாய் ஏறியது கணக்கு.
பதினொன்றில்
ஆறாயிரம். ஏழாயிரம். ஒன்பதாயிரம்.
சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.
யாரும் பார்த்திராத ஏதோ ஒன்று
சேர்வராயன் மலையில், அரசுப் பேருந்தில்,
பலாக்கொட்டை மூட்டைக்குப் பக்கத்தில்
எனக்கென்று இறங்குகிறது.
கை நடுங்க ஷபானாவுக்கு அனுப்பினேன்: ஒன்பதாயிரம்!!
பதில் வந்தது: டேப்பைப் பார்.

சில்வர் ஓக் நிழலுக்குள் பஸ் நுழைந்தது, எண் விழுந்தது.
வெளியே வந்தது, எழுந்தது.
மூலையில் கடுகளவு கிழிசல்.
இவ்வளவு நேரமும்
வெயிலை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.
எதிரே லாரிக்கு வழிவிட நின்றபோது
டிரைவர் முனிரத்தினம் இருக்கைக்கடியில் துழாவி
ஒயர் சுற்றும் டேப் கொடுத்தார்.
கொஞ்சமா ஒட்டுங்க, ஹாரனுக்கு வேணும்.

ஏரிக்குப் பின்னால் நானூறு ரூபாய் அறை.
கரண்ட் இல்லை. பேட்டரி இருந்தது.
கதவிடுக்கில் பனிமூட்டம் வந்து
கட்டில் கால் வரை உட்கார்ந்தது.
பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை குறித்தேன்.
சேலத்தில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு.
இங்கே இரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பதினாறு.
மறுபடி எண்ணினேன், ஏறக்குறைய அதுவே.
புதிதாய் ஒன்றும் இல்லை.
பாடப்புத்தகம் சொன்னபடி வந்ததில்
தூக்கம் நன்றாக வந்தது.

காலையில் அதே பஸ். அதே கண்டக்டர்.
எத்தனை விழுந்துச்சு?
சொன்னேன்.
விரலுக்கிடையில் டிக்கெட் கட்டோடு மனசுக்குள் கழித்தார்.
மேல ரெண்டாயிரத்து ஐந்நூறு,
சேலத்துல ஆயிரத்து எண்ணூறு.
அப்ப மிச்சமெல்லாம் நடுவுலயே இறங்கிடுச்சா?
ஆமாம்.
எந்த ஸ்டாப்புல?
அது தெரியாது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம்.
எத்தனை பேர் இறங்குவாங்கன்னு சொல்லலாம்,
யாருன்னு சொல்ல முடியாது.
இதென்ன பெரிய அதிசயம், என்றார்,
எங்க லைன்லயும் அதே கதைதான்.

லக்கேஜ் டிக்கெட் மறுபடி கிழித்தார்.
பதினோராம் வளைவில் நல்ல வெயில்.
எண்ணைப் பார்த்தேன்.
டேப் பிடித்திருந்தது.